தலைகீழாகத் தொங்கிய டைம்பீஸ்

அமெச்சூர் ரேடியோ வைத்திருப்பவனுக்கு உலகம் பூராவும் சிநேகிதர்கள் உண்டு, அடுத்த குவார்ட்டர்ஸ்காரன் மட்டும் முகம் கொடுத்துப் பேசமாட்டான். அவர்கள் துணிக்கொடிக்கு மேலே நம் ஏரியல் கம்பி போனால் எப்படிப் பேசுவான்?

அறுபதுகளில் நான் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் மீட்டர் ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக். மூர் மார்க்கெட்டில் பொறுக்கிய பழைய மிலிட்டரி சாமான்களை வைத்து, பேசவும் கேட்கவும் ஒரு செட் கட்டி, பரீட்சை எழுதி லைசென்ஸும் வாங்கிவிட்டேன். அதோடு நிம்மதி போயிற்று. எங்கள் ஆட்கள் 'நெட்' என்று ஒன்று நடத்துவார்கள். குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஒரே அலைவரிசையில் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். நடுநாயகமாக ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். வம்பு என்னவென்றால், அந்த நேரம் நம் நேரம் இல்லை, கிரீன்விச் நேரம். உலகத்துக்கெல்லாம் பொது நேரமாம். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி முந்தி ஓடுகிறது. இந்த ஐந்தரையைக் கூட்டுவதா கழிப்பதா என்று விழித்து, மாட்டிக்கொண்டு அடிபட்ட சகோதரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காலைக் கட்டித் தொங்கவிட்டது

இரண்டு கடிகாரம் வாங்க வசதியில்லாதவனுக்குப் பகவான் ஒரு வழி வைத்திருக்கிறான். உங்கள் கைக்கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். இரண்டரை மணி, ஒன்பது மணியாகத் தெரியும். அதுதான் அந்த நிமிஷத்துக்குக் கிரீன்விச் நேரம். சின்ன முள் கொஞ்சம் தடுமாறும், பெரிய முள் கச்சிதமாக நிற்கும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் இருந்த ஒரே டைம்பீஸை அதன் இரண்டு காலிலும் கம்பி கட்டி, செட்டுக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டேன்.

என் மனைவி சரோஜாவுக்குப் பால்காரன் வரும் நேரம், உலை வைக்கும் நேரம் எல்லாம் குழம்பிப்போயிற்று. கழுத்தை ஒடித்துக்கொண்டு மணி பார்த்துப் பார்த்து ஒரு வாரத்தில் சுளுக்கே விழுந்துவிட்டது. நான் தைலத்தோடு போய் உட்கார்ந்தேன். பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு அவள் சொன்னாள்:

"ஊர்ல ஆம்பளைங்கதான் தலைகீழா நிப்பாங்க. இந்த வீட்ல கடிகாரத்தையுமா நிக்க வைக்கணும்?"

அங்கே இன்னும் ஞாயிற்றுக்கிழமை

மலேயாவிலிருந்து ஒரு தமிழர் எங்கள் நெட்டில் சேருவதாகச் சொல்லியிருந்தார். ஞாயிறு இருபத்து மூன்று முப்பது, அதாவது கிரீன்விச்சில் ராத்திரி பதினொன்றரை என்று நேரம் குறித்தாகிவிட்டது. ஐந்தரையைக் கூட்டினால் காலை ஐந்து மணி. அதுவரை சரியாகத்தான் போட்டேன். ஞாயிறு விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து கொசுக்கடியில் ஒரு மணி நேரம் கத்தினேன். ஒரு ஈ காக்கை பதில் சொல்லவில்லை. அப்புறம்தான் உறைத்தது. கிரீன்விச்சில் ஞாயிறு ராத்திரி என்றால் நமக்குத் திங்கள் விடிந்துவிடுகிறது.

திங்கள் எனக்கு ஆறு மணி ஷிப்ட். ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறவேண்டும். ஃபோர்மனிடம் போய் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டேன். காரணம் கேட்டார். "சார், அந்த நேரத்துக்குக் கிரீன்விச்சில் ஞாயிற்றுக்கிழமைதான்" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"அப்ப அங்கேயே போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வாய்யா. இங்க திங்கக்கிழமை."

அந்த மலேயாக்காரர் குரலை நான் கடைசிவரை கேட்கவேயில்லை.

ஒரே சங்கு

எனக்கு ஏரியல் கம்பம் நட்டுக் கொடுத்தவன் தங்கராசு. எங்கள் செக்‌ஷனில் கான்ட்ராக்ட் ஆள், முப்பது வயசு இருக்கும். சுரங்கத்துக்காக நிலம் எடுத்த ஊர்களில் அவன் ஊரும் ஒன்று. "எங்க வூடு இருந்த எடம் அதோ, அந்தப் பள்ளத்துக்கு நட்டநடு" என்று யார் வீட்டையோ காட்டுவதுபோல் காட்டுவான்.

டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் போல அவனுக்கும் ஷிப்ட் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதினால் சோறு, சங்கு ஊதினால் தூக்கம். தொங்குகிற டைம்பீஸைப் பார்த்துவிட்டு, இது என்னா கணக்கு என்று கேட்டான். நானா விடுவேன்? பூமி உருண்டை என்பதில் ஆரம்பித்தேன். ஒரு தேங்காயைச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். லண்டன் பக்கத்தில் கிரீன்விச் என்று ஓர் இடம், அங்கிருந்துதான் உலகத்துக்கே மணி கணக்கு என்று முடித்தேன். அவன் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டான்:

"வெள்ளக்காரன் பூட்டான்னு சொன்னாங்களே, கடியாரத்த மட்டும் வுட்டுட்டுப் பூட்டானாங்க?"

நான் பாடம் எடுத்த காலை

அந்த வருஷம் கார்த்திகை கடைசியில் கடலோரத்தில் புயல் அடித்தது. தங்கராசுவின் மனைவி அஞ்சலை பிரசவத்துக்காக அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை, நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். தந்திக் கம்பி அறுந்துவிட்டது, ரயில் இல்லை, பேப்பரில் வருகிற செய்தி ஒன்றும் நல்லதாக இல்லை. தங்கராசு என் வாசலில் வந்து நின்றான். நாலு வருஷமாகக் கிண்டலுக்குத்தான் பயன்பட்ட என் செட், அன்றைக்கு ஒரு மனுஷனுக்கு வேண்டியிருந்தது. எனக்கு உள்ளுக்குள் பெருமை என்றுகூடச் சொல்வேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

புயல் செய்திக்காகத் தினமும் நெட் கூடியது. முதல் நாள் அஞ்சலையின் பேரையும் ஊரையும், நிறைமாதம் என்பதையும் கொடுத்தேன். மறுநாள் காலை ஏழரைக்குச் செட்டைப் போட்டபோது, எங்கள் பிளாக்கில் பாதிப்பேர் என் அறையில் நின்றார்கள். ஜன்னலிலும் தலைகள். நெட் நடத்துகிறவர், பெங்களூர்க்காரர், ஆரம்பத்தில் ஏதோ அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒருவர் என்னிடம் டைம்பீஸ் ஏன் தலைகீழாகத் தொங்குகிறது என்று கேட்டார். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவருக்குக் கிரீன்விச் பாடம் நடத்தினேன். ஐந்து நிமிஷம். எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

பாடம் முடிந்து சத்தத்தைக் கூட்டியபோது என் கால்சைன், அதாவது என் லைசென்ஸில் உள்ள ரேடியோப் பெயர், வந்தது. கடலோரத்துப் பள்ளிக்கூடத்தில் ஒருவர் செட்டோடு உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் இருப்பது ஒரே ஒரு லாரி பாட்டரி, இன்று பதினொன்று முப்பதுக்கு வருவார், கேட்ட பேருக்கெல்லாம் அவரே நேரில் பதில் சொல்வார் என்றார்கள். நான் பென்சிலை எடுத்து ஐந்தரையைக் கூட்டி, 'மாலை 5' என்று எழுதி வட்டம் போட்டேன். பின்னால் நின்ற தங்கராசு, "பதினொன்றரைன்னுதானேங்க சொன்னாரு?" என்றான். அவனுக்கு அவ்வளவு இங்கிலீஷ் காதில் விழுந்திருந்தது. நான் சிரித்தேன். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். "உனக்குத்தான் தேங்காய் வைத்துக் காட்டினேனே, மறந்துட்டியா?" என்றேன்.

கூட்டம் கலைந்தது. அவன் மட்டும் போகவில்லை, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். பதினொன்று தாண்டியதும் உள்ளே எட்டிப் பார்த்து, "ஒருவாட்டி தெறந்து பாக்கலாங்களா?" என்றான். சாயந்தரம் வரை செட்டின் பழைய வால்வு தாங்கவேண்டும், சும்மா சும்மா போடக்கூடாது என்றேன். அவன் படியில் மறுபடி உட்கார்ந்து சொன்னான்:

"சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஐந்து மணி

ஐந்து மணிக்கு இரைச்சல்தான் வந்தது. ஐந்தேகாலுக்கும் இரைச்சல். தங்கராசு செட்டையே பார்த்துக்கொண்டு நின்றான், கையில் துண்டு முறுக்கிய முறுக்கில் கயிறாகிவிட்டது. ஐந்தரைக்குப் பெங்களூர்க்காரர் குரல் கிடைத்தது. கடலோரத்துச் செட் எங்கே என்று கேட்டேன். பாட்டரி மத்தியானத்தோடு தீர்ந்துவிட்டது என்றார். அவர் சொன்ன பதில்கள் உங்கள் காதில் விழவில்லையா என்றேன். உங்களுக்கு ஏதோ நீளமாகச் சொன்னார், எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது, ஒரு பேரும் பிடிபடவில்லை என்றார். இந்த வாரம் ஊர்க்காரர்களும் கேட்பதால் எல்லா நேரமும் இந்திய நேரம்தான் என்று காலையில் முதல் வேலையாக அறிவித்தேனே என்றும் சொன்னார். நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது வந்த அறிவிப்பு அதுதான். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. இங்கிலீஷில் அவர் கேட்டது இவ்வளவுதான்:

"பதினொன்றரைக்கு மூன்று தடவை உங்களைக் கூப்பிட்டார். எங்கே போயிருந்தீர்கள்?"

எங்கேயும் போகவில்லை சார். செட்டுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு பாதை

தங்கராசு அன்றைக்கே கிளம்பிவிட்டான். சிதம்பரம் வரை பஸ். கொள்ளிடத்தில் வெள்ளம், இரண்டு நாள் கரையில் கிடந்தான். அப்புறம் நடை. ஐந்தாம் நாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, செட்காரர் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாராம். அஞ்சலைக்குப் புயலன்றே பெண் குழந்தை பிறந்துவிட்டது, இரண்டு பேர் நிலைமையும் மோசம், லாரியில் ஏற்றித் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டோம், புருஷனை நேரே தஞ்சாவூருக்கு வரச்சொல்லுங்கள். இதைத்தான் அவர் பதினொன்றரைக்கு என் பேருக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கம் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. விருத்தாசலத்தில் ஏறி, திருச்சி வழியாக மறுநாளே போய் இறங்கியிருக்கலாம்.

அவன் தஞ்சாவூர் போனபோது அஞ்சலை பிழைத்துவிட்டாள். குழந்தை அதற்கு முந்தின நாள் போய்விட்டது. ஆறு நாள் உயிரோடு இருந்ததாம். அப்பன் முகத்தை அது பார்க்கவில்லை, அது முகத்தை அப்பனும் பார்க்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து, ஏரியல் கம்பத்துக்குக் கொண்டுவந்த கடப்பாரையை எடுத்துப்போக வந்தான். அத்தனை நாளும் யோசித்து வைத்திருந்ததை அன்றைக்கு அவனிடம் சொன்னேன். தப்பு என்னுடையது, நான்தான் அறிவிப்பைக் கேட்காமல் கோட்டை விட்டேன், ரெண்டு அறை அறைந்துவிட்டாவது போ என்று அழுதேன். சரோஜா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொங்குகிற டைம்பீஸைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னான்:

"நானு ஒண்டியா இருந்திருந்தா பதினொன்றரைக்கே கேட்டிருப்பேங்க. எனக்கு ஒரே மணிக்கணக்குதானே தெரியும்."

அன்றைக்கே அந்த டைம்பீஸின் கால்கட்டை அவிழ்த்து நேராக வைத்துவிட்டேன். உலகத்துக்கே மணி சொல்லித்தந்த நான், இப்போது யாராவது மணி கேட்டால் சங்கு ஊதட்டும், சொல்கிறேன் என்கிறேன்.