புத்தகப் பாடு

எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் நாங்கள் இருந்தோம், மற்றதில் புத்தகங்கள் இருந்தன. இப்படிச் சொன்னால் மாமியார் சண்டைக்கு வருவார். இரண்டிலும் புத்தகங்கள்தான் இருந்தன, நாங்கள் இடுக்கில் ஒண்டிக்கொண்டிருந்தோம் என்பார். அவர் சொல்வதுதான் உண்மை. கட்டில்மேல், கட்டிலுக்கடியில், தையல் மெஷின்மேல், ஜன்னல் விளிம்பில். மிச்சமெல்லாம் மீன் ஏற்றுகிற தெர்மகோல் பெட்டிகளில். ஏரிக்காற்றின் ஈரம் ஏறாமல் காக்க அந்தப் பெட்டிக்கு நிகர் கிடையாது. என்ன, கவிதைகளில் லேசாக இறால் வாடை வரும்.

பெரும்பாலும் நான் வாங்கியவை, கொஞ்சம் பழவேற்காட்டு நூலகத்தில் எடுத்தவை. ஒரு அட்டைக்கு இத்தனை புத்தகம்தான் என்று அங்கே விதி. ஆகவே என் பெயரில் ஒன்று, கணவர் பெயரில் ஒன்று, எழுத்தே தெரியாத மாமியார் பெயரில் ஒன்று என மூன்று அட்டைகள் வைத்திருந்தேன். மாமியார் கைநாட்டு வைத்து வாசகரானவர். நூலகர் ஒருநாள் அவரைச் சந்தையில் பார்த்து, உங்களைப்போல் படிக்கிறவர் இந்தப் பக்கத்திலேயே இல்லை என்று பாராட்டிவிட, ஒரு வாரம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நான் யாருக்கும் புத்தகம் இரவல் தரமாட்டேன். தந்தால் யானை வாயில் போன கரும்புதான். கேட்டவர்களிடம் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லி, தலைக்கனம் பிடித்தவள் என்று எங்கள் ஊரான கோட்டைக்குப்பத்தில் பேர் வாங்கியிருந்தேன். ஊரில் படிக்கிறவள் நான் ஒருத்திதான் என்ற நினைப்பு வேறு. அந்தப் பேரில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

நாத்தனாரைப் பசியாவரத்தில் கொடுத்திருக்கிறது. ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவு. நிறைமாதத்தில் வலி எடுத்தால் படகைத் தேடி ஓடவேண்டும். அதனால் வளைகாப்பு முடிந்த கையோடு அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவருவதென்று முடிவானது. எந்த அறையில் படுக்கவைப்பது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மாமியார் பழைய பேப்பர்காரன் பேச்சை எடுத்தார். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன். நாத்தனார்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். பிறக்கப்போகிற பிள்ளைக்கு இடம் விடாத கல்நெஞ்சக்காரியும் இல்லை. ஆனால் பதினைந்து வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தவை அவை. ஒருமுறை வாசல் தாண்டினால் திரும்ப என் கைக்கு வராது என்ற பயத்தில் இரண்டு நாள் யாரோடும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

என் கணவர் ஏரியில் இறால் பிடிக்கிறவர். உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் அவருக்குத் தெரிந்த தீர்வு ஒன்றுதான்: பாடு. பாடு என்றால் முறை. ஏரியில் நல்லபடி மீன் விழுகிற இடங்கள் கொஞ்சம், வலை போடுகிறவர்கள் நிறைய. ஆகவே பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கி, இன்ன நாள் இன்ன இடம் இன்னாருக்கு என்று ஊர் பிரித்துக்கொள்ளும். உன் பாட்டில் நீ வலை போடவேண்டும். போடாவிட்டால் போனது போனதுதான்.

புத்தகங்களைப் பதினோரு பெட்டிகளில் கட்டித் தெருவில் பதினோரு வீடுகளில் கொடுத்துவைக்கலாம், குழந்தை பிறந்து மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றார். கனமான பெட்டி எனக்கா என்று யாரும் குறைப்படாமல் இருக்கச் சீட்டுப் போட்டுவிடலாம். வீட்டில் சாமான் வைக்கப் பெண்களைத்தானே கேட்கவேண்டும் என்று சீட்டுகளில் தெருப்பெண்களின் பெயர்களை எழுதினார். மாமியார் குலுக்கி எடுத்து, விழுந்த சீட்டை அந்தந்தப் பெட்டியில் செருகினார். ஒவ்வொரு பெட்டி வெளியே போகும்போதும் தெருமுனைவரை கூடவே போய்விட்டு வந்தேன்.

பெட்டியைப் பத்திரமாக வைத்திருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொன்னோம். ஆனால் சீட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டோமே. சீட்டில் விழுந்ததைச் சும்மா போட்டுவைக்கிற வழக்கம் இந்த ஊரில் இல்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது உறைக்கவில்லை.

ஒரு மாதம் ஆகப்போகிற சமயம், கெடு முடிந்த நூலக நாவல் ஒன்றைத் தேடி, நண்டு விற்கிற அக்கா வீட்டுக்குப் போனேன். பெட்டி திறந்து கிடந்தது. அக்கா சுவரில் சாய்ந்து கால் நீட்டி, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு அந்த நாவலைத்தான் படித்துக்கொண்டிருந்தார். கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என் பாடு இன்னும் முடியல. நாலு நாளு கீது. அப்பால பக்கத்து ஊட்டுக்குப் போவும்."

பக்கத்து வீடா? விசாரித்தால், மாதத்துக்கு ஒருமுறை பெட்டிகளை வீடு மாற்றுவதென்று பெண்கள் தங்களுக்குள் பேசிவைத்திருந்தார்கள். பாடு என்றால் சுற்றிவரத்தானே வேண்டும். முறை முடிவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று ஒருத்தி அடுப்பில் குழம்பைக் கருகவிட்டிருந்தாள். எழுத்து வராத இன்னொருத்தி, காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை முடிந்துவரும் புருஷனை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மடிந்த பக்கங்களும் குழம்புக் கறையும் கண்முன்னால் வந்தன. நூலகத்துக்குப் போய், மாமியார் மெதுவாகப் படிக்கிறார் என்று சமாளித்துக் கெடுவை நீட்டிவிட்டு வந்தேன். அதற்குப்பிறகு மாதாமாதம் இதே பொய்.

பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கே திருவிழா வந்ததுபோல் ஆகிவிட்டது. துணி அலசக் குழாயடிக்குப் போனால் அங்கே வேறொரு திருவிழா. யாரோ ஒரு மருமகளை எல்லோரும் சேர்ந்து திட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த வீட்டு மருமகள் என்று கேட்டேன். இரண்டாவது பெட்டியில் வருகிற மருமகளாம். நான் பாதியில் வைத்திருந்த துப்பறியும் கதையில் கொலைகாரன் யார் என்பதையும் குழாயடி எனக்கு முன்பே கண்டுபிடித்துப் போட்டு உடைத்துவிட்டது. திட்ட வாயெடுத்தேன், சிரிப்புத்தான் வந்தது.

மூன்று மாதம் கழித்து நாத்தனாரும் குழந்தையும் பசியாவரம் போனார்கள். கணவர் அறையைக் கூட்டிச் சுண்ணாம்பும் அடித்து, போய் எடுத்துவா என்றார். தள்ளுவண்டியோடு கிளம்பினேன். அன்று பாடு மாறுகிற நாள். நண்டு அக்கா வீட்டு வாசலில் பதினோரு பெண்களும் பெட்டிகளோடு இருந்தார்கள். வந்த காரியத்தைச் சொன்னேன். பிறகு அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து மடித்துப் பழுப்பேறிய ஒரு காகிதத் துண்டை எடுத்தார். என் கணவர் அன்றைக்கு எழுதிய சீட்டு. அக்காவின் பெயர் அதில் இருந்தது.

"எங்க நைனா பேர்ல பாடு இருந்துச்சு. அப்பால எங்க ஊட்டுக்காரர் பேர்ல. ஏரில பொம்பளைக்கு ஏது பாடு? எம்பேர எழுதி ஒரு சீட்டு உழுந்தது இதான் மொத தபா. பொட்டிய எடுத்துனு போ, உன்துதான். சீட்ட மட்டும் கேக்காத."

மற்றவர்களைப் பார்த்தேன். ஒருத்தி தன் சீட்டைப் பர்ஸில் சாமிப் படத்தோடு வைத்திருந்தாள். இன்னொருத்தி செல்போன் உறைக்குள் செருகியிருந்தாள். அத்தனை புத்தகம் படித்தவள், என் வீட்டில் எழுதிய சீட்டைப் படிக்காமல் விட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷம் இருந்தது.

பெட்டிகள் இருக்கட்டும் என்றேன். என் பெயருக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்று கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புதிதாகச் சேர்கிறவளுக்குக் கடைசி இடம்தான், இந்த முறை பெட்டி கிடையாது, சம்மதமா என்றார் அக்கா. சம்மதம் என்றேன். அவர் காலண்டர் தாளைக் கிழித்து, எழுத்து எழுத்தாக, நிதானமாக என் பெயரை எழுதினார். ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. நான் திருத்தவில்லை.

காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்து, புத்தகமெல்லாம் எங்கே என்று கணவர் கேட்டார். உள்ளங்கையை விரித்துச் சீட்டைக் காட்டினேன்.

"அடுத்த மாசம் என் பாடு," என்றேன்.