ஒப்பிட வந்த மண்டை

மோகனராஜுக்கு நாற்பத்தாறு வயது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன், இப்போது அங்கேயே துடைப்பம் பிடிக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முன் அடுக்கிலிருந்து சரிந்த பெட்டி ஒன்று அவன் தலையில் விழுந்தது. பெட்டியாவது தெரியாமல் விழுந்தது. சூப்பர்வைசர் தேவகுமார் தெரிந்தே எழுதினான் அறிக்கையை. 'தலைக்கவசம் அணியவில்லை' என்று எழுதினான் அந்தப் பாவி.

அந்த ஒரு மணி நேரம் மோகனராஜின் நினைவில் இல்லை. கவசம் போட்டிருந்தானா என்று அவனுக்கே தெரியாது. பதினெட்டு வருஷம் கழற்றாதவன் அன்றைக்கு மட்டும் ஏன் கழற்றப் போகிறான்? ஆனால் சத்தியம் செய்ய முடியவில்லையே. ஆஸ்பத்திரியில் எடுத்த சாதாரண ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால், "நல்லா நடிக்கிறான் லா" என்றும் தேவகுமார் சொல்லித் திரிந்தான். காலையில் கேட்டதை மாலைக்குள் மறந்துவிடுகிறவனைப் பார்த்து இப்படிச் சொல்ல எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்!

வீட்டிலும் அதே பாட்டுதான். அடுப்பை அணைக்க மறந்தால் போதும், மனைவி லெட்சுமி, "அன்னைக்கு ஹெல்மெட் போட்டிருந்தா நமக்கு இந்தக் கதி வருமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். ஒவ்வொரு தடவையும் அவன் மனசுக்குள் தேவகுமாரை ஓங்கி அறைந்தான்.

ஜார்ஜ்டவுனில் மூளைக் காயம் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூட்டாக நடத்தின. அடிபட்டவர்களின் மூளையை எம்ஆர்ஐ கருவியில் நுணுக்கமாகப் படமெடுத்து, பெயரை நீக்கி, எண்ணை மட்டும் போட்டு மூன்று நாட்டிலும் பார்ப்பார்கள். லெட்சுமிதான் அவனைக் கூட்டிப்போனாள். தலையை ஒரு கூட்டுக்குள் பூட்டிக் குழாய்க்குள் தள்ளினார்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே, பயப்படாமல் இருக்கக் கூட வந்தவரை மைக்கில் பேசவிடுவது அங்கே வழக்கம். லெட்சுமியின் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நாற்பது நிமிடம் அசையாமல் கிடந்தான்.

வெளியே வந்ததும், ஆய்வைக் கவனித்துக்கொண்ட காமினி கேட்டாள்: "அண்ணே, உங்க படத்தோட ஒப்பிட்டுப் பார்க்க உங்க வயசுல, உங்க கம்பெனியிலேயே, தலையில அடிபடாத ஒருத்தர் வேணும். யாராச்சும் வருவாங்களா?"

மோகனராஜுக்கு ஒரே ஒரு முகம்தான் தோன்றியது. கைப்பேசியில் எழுதி வைத்தான்: 'தேவகுமாரைப் படுக்க வைக்கணும். கேக்கணும்.' தினமும் காலையில் அதைப் படித்துப் பகையைப் புதுப்பித்துக்கொண்டான்.

"சார், கம்பெனியிலேயே நல்ல மண்டை உங்களுதுதான்னு சொல்லிட்டேன்" என்று ஐஸ் வைத்தான். அந்த ஆள் குளிர்ந்துபோனான். இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, படுத்தான்.

இரண்டாவது படம் முடிந்ததும் காமினி மைக்கைக் கூட வந்த மோகனராஜிடம் நகர்த்தினாள். லெட்சுமி சுவரோரம் நின்றிருந்தாள்.

"மோகன், மூச்சு முட்டுது. கையில இருந்த பந்து வேற நழுவிடுச்சு. வெளிய எடுக்கச் சொல்லு." குழாய்க்குள்ளிருந்து தேவகுமாரின் குரல் வந்தது. ஆபத்துக்கு அழுத்தச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்து அது.

"சொல்றேன் சார். அன்னைக்கு நான் ஹெல்மெட் போட்டிருந்தேனா?"

"காச்சாவ் பண்ணாத லா, விளையாடுற நேரமா இது?"

"போட்டிருந்தேனா?"

காமினி பதறி எழுந்து கருவி அறைக்கு ஓடினாள். அதற்குள் குரல் உடைந்து வந்தது. "போட்டிருந்தே. வார் அறுந்து ஹெல்மெட் தனியா கிடந்துச்சு, நான்தான் எடுத்து ஒளிச்சேன். அவ்வளவு உயரம் அடுக்கச் சொன்னது நானு. வேலை போயிடும்னு பயம். எடுக்கச் சொல்லுடா."

மோகனராஜுக்குச் சந்தோஷம். வெட்கமே இல்லாத சந்தோஷம்.

காமினி திரும்பி வந்து பொரிந்து தள்ளினாள். "என்ன காரியம் பண்ணிட்டீங்க அண்ணே? மிரட்டி எடுத்த படம் ஆய்வுல சேராது. ஜோடியா உங்க படமும் போச்சு. இங்க கேட்டத நான் வெளிய சொல்லவும் முடியாது."

"போகட்டும்மா" என்றான்.

தேவகுமார் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். பழைய திமிர் திரும்பியிருந்தது. "பயத்துல என்னமோ உளறினேன். கையெழுத்துப் போட்ட படிவப்படி இவங்க வெளிய சொல்ல முடியாது. இவனுக்குச் சாயங்காலம் மறந்துடும்."

அது உண்மைதான். மோகனராஜின் முகம் வெளுத்தது. லெட்சுமி சுவரோரத்திலிருந்து முன்னால் வந்தாள்.

"இவருக்கு மறந்துடும் சார். எனக்கு மறக்காது."

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஷிப்ட் மாறும் நேரத்தில், தொழிற்சாலை கேட்டில் கணவனோடு நின்றாள். உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் நிறுத்திச் சொன்னாள். கூட்டம் சேர்ந்தது. தேவகுமார் ஓட்டிவந்த காடி ஹாரன் அடித்தும் உள்ளே போக வழியில்லாமல் நின்றது.

பக்கத்தில் நின்ற மோகனராஜுக்கு அது புதுச் செய்தி.

"அப்போ நான் போட்டிருந்தேனா?" என்று கேட்டான்.

"போட்டிருந்தீங்க" என்றாள் லெட்சுமி, காடிக்குள் இருந்தவன் காதிலும் விழும்படி.