மாற்றாத எண்

லீமாவைக் காட்டிக்கொடுத்தது நான்தான்.

அவள் ஒளிந்திருந்த இடம் அவள் கணவனுக்கு எப்படித் தெரிந்தது என்று இத்தனை அதிகாரிகள் தலையைப் பிய்த்துக்கொண்டார்களே... விடை என்னிடம் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

நான் புதுக்கடைப் பக்கம் கிராம சுகாதார செவிலியர். ஒரு பெண் கருவுற்றதும் அவளைக் கணினியில் பதிவது என் வேலை. அதில் ஒரு கைப்பேசி எண் தர வேண்டும். பெரும்பாலும் கணவனின் எண்ணைத்தான் தருவார்கள். பரிசோதனைத் தேதியும் இடமும் அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகப் போய்விடும். லீமா கொடுத்ததும் கணவனின் எண்தான். அவன் மினிலாரி ஓட்டுகிறவன்.

ஐந்தாம் மாதத்தில் ஒருநாள், ரத்த அழுத்தம் பார்க்க அவள் கையில் பட்டையைச் சுற்றினேன். துடித்துப் போனாள். சட்டைக் கையை விலக்கினால், தோள் வரை கன்றிப்போயிருந்தது. "படியில விழுந்தியா?" என்று கேட்டேன். "படியில்ல அக்கா" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவள்தான் எல்லாம் சொன்னாள்.

அன்றைக்கு நான் நல்லவளாகத்தான் இருந்தேன்! வீட்டில் அடிபடும் பெண்களுக்காக அரசு வைத்திருக்கும் பாதுகாப்பு அலுவலர் அம்மாவிடம் பேசினேன். அவர் மகளிர் காவல் நிலையத்துக்குச் சொன்னார். மருத்துவமனையில் காயங்களை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் வேறோர் ஊரில் உள்ள காப்பகத்தில் அவளுக்குக் கட்டில் கிடைத்தது. ஊர் பேர் எங்கள் ஐந்தாறு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. எல்லாத் துறைகளும் சேர்ந்து உட்கார்ந்த கூட்டத்தில் அலுவலர் என்னைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். பாராட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"பதிவுல இருக்க நம்பர் ஆருக்கது சிஸ்டர்?"

"அவளுக்க மாப்பிள்ளைக்கது, மேடம்."

"இன்னைக்கே மாத்திருங்க. அது முக்கியம்."

தலையாட்டினேன். மறுநாள் தடுப்பூசி நாள். பிள்ளைகளின் அழுகைக்கு நடுவே அவர் கைப்பேசியில் அழைத்து, மாற்றிவிட்டீர்களா என்று கேட்டார். "மாத்தியாச்சு மேடம்" என்றேன். மதியம் மாற்றிவிடலாம் என்று நினைத்துச் சொன்ன பொய் அது. அந்த மதியம் வரவேயில்லை. மறந்தே போனேன்.

ஏழாம் மாத ஸ்கேன் காப்பகத்துக்குப் பக்கத்து மருத்துவமனையில் என்று முடிவானது. என் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே ஸ்கேன் இல்லையென்றால் மேலிடத்தில் கேள்வி கேட்பார்கள். அதனால் தேதியையும் மருத்துவமனைப் பெயரையும் நானே பதிந்தேன். இந்த விரலால்தான் அழுத்தினேன்...

ஸ்கேன் அறை வாசலில் அவன் நின்றிருந்தான். கையில் ஆரஞ்சுப் பழங்கள். கூடப்போன காவலர் சீட்டு வாங்கப் போயிருந்த நேரம். "வா, வீட்டுக்குப் போவலாம்" என்றானாம், அவ்வளவுதான். அவள் ஒரு சத்தமும் போடாமல் பின்னால் நடந்தாளாம். காவல் நிலையத்தில், சொந்த விருப்பத்தோடு போகிறேன் என்று எழுதிக் கொடுத்தாளாம். அடுத்த கூட்டத்தில் காப்பகத்து அம்மா சொன்னது இது.

அவனுக்கு யார் சொன்னது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் யாரோ சொன்னார்கள்: "அவளேதான் அவனுக்கு போன்ல விளிச்சிருப்பா. இந்தப் பெண்ணுவளுக்கு மனசு கேக்காது." கோப்பில் அப்படியே ஏறிவிட்டது. நான் வீடு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, எண்ணை மாற்றினேன். அப்போதுதான்! புரிகிறதா உங்களுக்கு? அவளைக் காக்க அல்ல, என்னைக் காக்க.

குழந்தை பிறந்தது. பார்க்கப் போக வேண்டியது என் கடமை. முதல் தடவை போனபோது அவன் நாற்காலி இழுத்துப் போட்டான், சாயா கொண்டுவரச் சொன்னான். பிறகு சிரித்துக்கொண்டே கேட்டான்: "முன்ன மெசேஜ் எல்லாம் வந்துச்சு, இப்ப வரல்லியே சிஸ்டர்?"

அவனுக்குத் தெரியும். தெரியும் என்று எனக்குக் காட்டவே கேட்டான். அன்றிலிருந்து கைப்பேசி அடித்தால் யார் எண் என்று பார்க்காமல் எடுப்பதில்லை. மினிலாரிச் சத்தம் கேட்டால் சாலையோரம் ஒதுங்கி நிற்கிறேன். அவன் வாயைத் திறந்தால் என் வேலை போய்விடும். அவன் கையை ஓங்கினால் அவள் உயிரே போய்விடும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து யோசிக்கிறேனே, நான் என்ன பிறவி?

போன வாரம் அவன் வெளியே, பிள்ளையின் எடையைக் குறித்துக்கொண்டிருந்த அங்கன்வாடி ஊழியரோடு பேசிக்கொண்டிருந்தான். லீமா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, எனக்குப் போவணும். பிள்ளையையும் கொண்டு போவணும். ஆனா காப்பகத்துல என்னைத் திரும்ப எடுக்க யோசிக்காவளாம். நான் விளிச்சு சொன்னேன்னு எழுதியிருக்காம். ஏசு சத்தியமா நான் விளிக்கல்ல."

"தெரியும் மக்கா."

"கூட்டத்துல நீங்க ஒரு வார்த்த சொல்லுவியளா?"

"சொல்லுதேன்."

கூட்டம் முந்தாநாள் நடந்தது. லீமாவின் பெயர் வந்தது. அலுவலர் கோப்பைப் புரட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த வீட்டுக்குப் போறவங்க. எதாவது சொல்லணுமா சிஸ்டர்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பிள்ளைக்கு எடை நல்லா ஏறியிருக்கு, மேடம்" என்றேன்.