முப்பத்தோராவது அறையின் நீலக் கதவு

என் மனைவிக்குப் பல்லைப் பார்த்தால்தான் ஆளைத் தெரியும். கடைத்தெருவில் யாராவது நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனால், "யாருங்க அது?" என்று என்னைக் கேட்பாள். நான் சொன்னதும், "ஆமாமா, மேல்வரிசையில ரெண்டாவது பல்லு நம்ம லேப்ல செஞ்சது" என்பாள். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் அவளுக்கு இருபத்தாறு வருட வேலை. நிறம் சேர்ப்பது அவள் பொறுப்பு. பல்லின் வெள்ளையில் பதினாறு வகை உண்டாம். பதினாறு மாதிரிப் பற்களை ஒரு பட்டையில் வரிசையாகச் செருகி வைத்திருப்பாள். எனக்கு எல்லாம் ஒரே வெள்ளைதான்.

அவளுக்குப் பதினாறு நிறம் புதிதில்லை. பல்லுக்கு வருவதற்கு முன் கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் படம் வரைந்து பிழைத்தவள் அவள். அந்தக் காலத்துத் திரையில் மொத்தமே பதினாறு நிறம். ஆறு பேர் கொண்ட அந்தக் கம்பெனி ஒரு ரொட்டிக்கடையின் மாடியில் இருந்தது. கீழே அடுப்பில் நின்றவன் நான். சாயங்காலம் நாலு மணிக்குச் சூடான ரொட்டியை மேலே கொண்டுபோய்க் கொடுப்பேன். "ரொட்டியைக் காட்டியே என் தங்கச்சியைப் பிடிச்சுட்டான்" என்று மச்சான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். நான் இன்றைக்கும் அடுப்பில்தான் நிற்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்று வீட்டில் புகார். நாள் முழுக்க நெருப்புக்கு முன்னால் நிற்பவனுக்குக் கோபம் வராமல் கொட்டாவியா வரும்?

அந்த ஆறு பேரும் செய்த விளையாட்டின் பெயர் 'திரும்பி வந்த கடிதம்'. சுடுவது, குத்துவது எதுவும் கிடையாது. வயதான தபால்காரர் ஒருவர், முகவரி அழிந்துபோன ஒரு கடிதத்தை உரியவரிடம் சேர்க்க ஒரு தீவுக்குப் போகிறார். அங்கே ஒவ்வோர் அறையாக நுழைந்து, கண்டதைத் தட்டிப் பார்த்து, கிடைத்ததை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, எதை எங்கே பயன்படுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். மொத்தம் நாற்பத்திரண்டு அறை. அத்தனையும் இவள் கட்டம் கட்டமாக வரைந்தது. அதில் மீன் விற்பவளுக்கு இடம் உண்டு. படகோட்டிக்கு உண்டு. நொண்டி நாய்க்குக்கூட உண்டு. தினம் படியேறி ரொட்டி கொண்டுவந்தவனுக்கு மட்டும் இல்லை. இதை நான் முப்பது வருடமாகச் சொல்லிக் காட்டி வருகிறேன். "உங்களை வரையப் பதினாறு நிறம் பத்தாதுங்க" என்று மழுப்பிவிடுவாள்.

விளையாட்டு சுமாராக விற்றது. இரண்டே வருடத்தில் கம்பெனி மூடப்பட்டது. அதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், வேறோர் ஊரிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். பத்து வயதில் இந்த விளையாட்டை ஆடியவராம். அவரும் இன்னும் நாலு பேரும் பழைய முதலாளியிடம் உரிமையை வாங்கி வைத்திருந்தார்கள். ரசிகர்கள் எல்லாரும் இணையத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டால் விளையாட்டைப் புதிதாகச் செய்துவிடலாம் என்பது திட்டம். நாற்பது நாளுக்குள் குறித்த தொகை சேர வேண்டும். சேராவிட்டால் எல்லாருக்கும் பணம் திரும்பிப் போய்விடும். அதற்குள் மனம் மாறினாலும் போட்டதை எடுத்துக்கொள்ளலாம்.

"படத்தை நீங்கதான் வரையணும்க்கா. வேற யார் வரைஞ்சாலும் அது அந்தத் தீவு இல்ல" என்றார்.

போனை வைத்தவள் நேராகப் பரண்மேல் ஏறினாள். பழைய கட்டம் போட்ட நோட்டுகளை ஒரு சாக்குப்பையில் வைத்திருந்தாள். வீடு மாறும்போது அதைப் பழைய பேப்பர்காரரிடம் போடலாம் என்று நான் சொன்னதற்கு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தூசியைத் தட்டிவிட்டு, "எனக்கு இது வேணுங்க" என்றாள். ஃப்ரிட்ஜ் வாங்கும்போதுகூட "உங்க இஷ்டம்" என்றவள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பணம் மளமளவென்று சேர்ந்தது. பிறகு நூற்றுக்கு அறுபதில் சண்டி மாடு மாதிரி படுத்துக்கொண்டது. அவள் காலையில் பல் விளக்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் பார்ப்பாள். அறுபது. லேப்பிலிருந்து வந்ததும் பார்ப்பாள். அறுபது. வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டாள், ஆனால் குழம்பில் உப்பு இருக்காது.

முப்பதாம் நாள் தாண்டியதும் விறுவிறுவென்று ஏறத் தொடங்கியது. நாலே நாளில் நூற்றைத் தாண்டி நூற்றுநாலில் நின்றது. மருந்துக்கடைக்காரர் போனில் குதித்தார்.

"பாத்தீங்களாக்கா! வர்ற ஞாயித்துக்கிழமை நீலக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு வரைஞ்சவங்களே நேர்ல வந்து சொல்லப்போறாங்கன்னு போட்டேன். அவ்வளவுதான், கொட்டுது!"

"எந்தக் கதவு?" என்றாள் இவள்.

முப்பத்தோராவது அறை கலங்கரை விளக்கக் காவலாளியுடையது. படிக்கட்டுக்குக் கீழே ஒரு நீலக் கதவு. அதைத் தட்டினால் தபால்காரர், "இது திறக்காது" என்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு முப்பது வருடமாக ஒரு கூட்டம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. உள்ளே கடிதத்தை எழுதியவள் ஒளிந்திருக்கிறாள் என்று ஒரு கட்சி. புதையல் என்று ஒரு கட்சி. பையில் இருக்கும் அத்தனை பொருளையும் ஒவ்வொன்றாகக் கதவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, பட்டியல் போட்டு வைத்திருந்தார் ஒருவர். அதில் மத்தி மீனும் இருந்தது.

"உள்ள என்னதான் வெச்சிருந்தே?" என்றேன். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

"ஒண்ணுமில்லைங்க. அங்க முதல்ல ஒரு புத்தக அலமாரி வரைஞ்சிருந்தேன். கடைசி நேரத்துல டிஸ்க்ல இடம் பத்தல."

அவள் விளக்கியது இதுதான். விளையாட்டு முழுவதும் இரண்டு ப்ளாப்பி டிஸ்க்குக்குள் அடங்க வேண்டும். ஒரே நிறம் வரிசையாக ஓடினால், "நீலம், நாற்பது தடவை" என்று கம்ப்யூட்டர் ஒரே குறிப்பில் முடித்துக்கொள்ளும். புத்தகங்களோ ஒவ்வொன்றும் ஒரு நிறம், எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். மறுநாள் டிஸ்க் அச்சுக்குப் போக வேண்டும் என்கிற நிலையில், அலமாரியை அழித்துவிட்டு ஒரே நீலத்தில் கதவை அப்பிவிட்டாள். மூன்று நிமிட வேலை. இடம் மிச்சமானது.

நான் உடனே மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டேன். "ஏன்யா, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடக் கூடாதா? நீ பாட்டுக்கு அள்ளி விட்டுட்டே, மாட்டிக்கிட்டு முழிக்கிறது என் பொண்டாட்டியா?" என்று பிடிபிடி என்று பிடித்தேன்.

"அப்ப பின்னாடி ஒண்ணுமே இல்லையாண்ணே?" என்றார். பத்து வயதுப் பையனின் குரல் அது. எனக்கே பாவமாகிவிட்டது. பிறகு இவளிடம் கெஞ்சினார். "எதையாவது சொல்லிடுங்கக்கா. நீங்க சொன்னா அதுதான் உண்மை. யாரு சரிபார்க்கப் போறாங்க?"

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. "நாள் முழுக்கப் பொய்ப்பல்லு செய்யறே. ஒரே ஒரு பொய் சொன்னா வாய் வெந்துடுமா? புதையல்னு சொல்லிட்டுப் போ" என்றேன்.

"பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சுதானேங்க வாங்கிட்டுப் போறாங்க?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்து உட்கார்ந்தாள். இரண்டாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திரையில் விழாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் வணக்கம் சொல்லிவிட்டு, அலமாரி, டிஸ்க், நீலம் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னது போலவே சொன்னாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

திரையில் கருத்துகள் வந்தன பாருங்கள்! 'முப்பது வருஷம் வீணா?' 'பணம் வந்ததும் ஏமாத்துறீங்க.' 'வாய மூடிட்டு இருந்திருக்கலாம்.' நூற்றுநாலாக இருந்தது நூறானது. தொண்ணூற்றாறு. தொண்ணூற்றொன்று. என் கண்முன்னே அவளுடைய தீவு கரைந்துகொண்டிருந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "உண்மையைச் சொன்னவளுக்கு இதுதான் மரியாதையா? போட்டதை எடுத்துக்கிட்டுப் போங்கடா!" என்று கத்திவிட்டேன். அது இரண்டாயிரம் பேருக்கும் கேட்டுவிட்டது. அவள் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க" என்றாள். கதவை அறைந்து சாத்திவிட்டுத் தெருவுக்குப் போனேன்.

தெருமுனை வரை நடந்து, பஸ் நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பரணிலிருந்து எடுத்த நோட்டு மேசையில் விரிந்து கிடந்தது. யாரோ ஒரு புண்ணியவான், "அப்படின்னா அந்த அலமாரியில என்ன இருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். இவள் நோட்டைப் பிரித்து, தட்டுத் தட்டாகக் காட்ட ஆரம்பித்திருக்கிறாள். நான் உள்ளே வந்தபோது நோட்டை மூடிக்கொண்டிருந்தாள். திரையில் கண்ணீர்ப் பொம்மைகளும் இதயங்களும் ஓடின. தொண்ணூற்றேழு.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"அலமாரியைப் பாத்தாங்க" என்றாள். நான் வீம்பில் மேற்கொண்டு கேட்கவில்லை.

முடிய ஒரு நாள் இருக்கும்போது நூறு ஆனது. அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது. நான் வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன்.

ஒன்றரை வருடம் லேப் முடிந்து வந்து வரைந்தாள். இப்போது இடத்துக்குப் பஞ்சமில்லை, நிறத்துக்கும் கணக்கில்லை. ஆனாலும் பழைய பதினாறைத் தாண்ட மாட்டேன் என்றுவிட்டாள். முப்பத்தோராவது அறை வந்தபோது மருந்துக்கடைக்காரர், "கதவை எடுத்துட்டு அலமாரியையே வெச்சிடலாமாக்கா?" என்றார்.

"வேணாம் தம்பி. இத்தனை வருஷமா தட்டினவங்க இருக்காங்க. கதவு இருக்கட்டும். திறக்கட்டும்."

போன மாதம் விளையாட்டு வெளிவந்தது. முப்பது வருடமாக நான் முடிக்காத விளையாட்டு. இந்த முறை விடுவதில்லை என்று வேலை முடிந்து வந்து தினமும் உட்கார்ந்தேன். ஒரு துப்பு கேட்டால், "மண்டைய உடைங்க" என்று போய்விடுவாள். இரண்டு வாரம் ஆயிற்று. கடிதத்தை உரியவரிடம் சேர்த்துவிட்டு, கலங்கரை விளக்கத்துக்குத் திரும்பி வந்து நீலக் கதவைத் தட்டினேன். திறந்தது.

உள்ளே அலமாரி. மேல்தட்டில் புத்தகங்கள். நடுத்தட்டில் ஒரு சங்கு, ஒரு கடிகாரம். கீழ்த்தட்டில் ஒரு வெள்ளைத் தொப்பி, ரொட்டி சுடுகிறவர்கள் போடுவது. முன்பக்கம் இடது ஓரம் தீய்ந்திருந்தது. என் தொப்பி அப்படித்தான் தீய்ந்தது, அடுப்பு வாயில் தலையை நீட்டி. அதைத் தட்டினேன்.

"இதை எடுக்க முடியாது. இதன் சொந்தக்காரர் பொல்லாத கோபக்காரர்" என்றார் தபால்காரர்.

"இது இப்ப சேர்த்ததா?" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தப் பழைய நோட்டைப் பிரித்து என் மடியில் வைத்தாள். பென்சில் கட்டங்களுக்குள் அதே தொப்பி, அதே தீய்ந்த ஓரம். பக்கத்தின் மூலையில் முப்பது வருடத்துக்கு முந்தின தேதி.

"ஏன் இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லல?"

"உங்களை அழிச்சுட்டுத்தான் கதவு போட்டேன்னு எப்படிங்க சொல்றது? நீங்க கோவிச்சுக்க மாட்டீங்களா?" என்றாள். "அந்த ஞாயித்துக்கிழமை அவங்ககிட்ட சொல்லிட்டேன். ரெண்டாயிரம் பேருக்குத் தெரியும். நீங்கதான் தெருவுக்குப் போயிட்டீங்க."

அடுப்பில் ஏதோ பொங்கியது. அவள் உள்ளே ஓடினாள். நான் மறுபடியும் தொப்பியைத் தட்டினேன். தபால்காரர் அதையேதான் சொன்னார்.