செவலையின் மேல் வந்த கட்டிகள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். சேத்தூர்ப் பக்கம் தோல் கழலை நோய் வந்து மாடுகள் செத்துக்கொண்டிருந்த நேரம். ஒரு நாள் காலை தீவனம் வைக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் செவலைப் பசுவுக்குக் கழுத்திலிருந்து வயிறு வரை கட்டி கட்டியாக எழும்பியிருந்தது. அது கன்று போட்டு அதிக நாள் ஆகவில்லை.

பால் வண்டிக்காரர் பாலை எடுக்க மறுத்துவிட்டார். பக்கத்துத் தொழுவில் மாடு வளர்க்கும் என் கொழுந்தன் வாசலில் வந்து நின்றார்.

"மதினி, இதைப் பாத்துக்கிட்டு நிக்காதிய. இன்னைக்கே அடிமாட்டு வண்டில ஏத்தி விட்டுருங்க. இல்லன்னா எம் மாடும் போயிரும்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கும் அதுதான் பிழைப்பு. ஆனால் கன்று மடியை முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. ராஜபாளையம் மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

வந்த கால்நடை மருத்துவர் ஒரு பெண். ஒவ்வொரு கட்டியையும் விரலால் அழுத்திப் பார்த்தார். கட்டி மேல்தோலோடு நிற்கிறது, காய்ச்சலும் அவ்வளவாக இல்லை, இது அந்த நோய்தானா என்று சந்தேகமாக இருக்கிறது என்றார். பொருக்கைச் சுரண்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை மாட்டைத் தனியாகக் கட்டி, கொசுவலை போடச் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே என் கொழுந்தன்தான் தோட்டத்து ஓரம் கொட்டகை போட்டுத் தந்தார்.

முடிவு வந்தபோது கட்டிகள் காய்ந்து உதிரத் தொடங்கியிருந்தன. மருத்துவர் திரும்ப வந்து தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். மரம் கிளை விட்டதுபோலக் கோடுகள்; எந்த வைரஸ் எதற்குச் சொந்தம் என்று காட்டும் வம்சப் படமாம். செவலைக்கு வந்தது கழலை நோய் இல்லை, ஹெர்பிஸ் என்ற வைரஸ் குடும்பத்தில் ஒன்று, நமக்கு வரும் அக்கிகூட அதே குடும்பம்தான் என்றார். அந்தக் குடும்பத்தில் மாட்டைப் பிடிப்பதே பல வகையாம். ஒன்று மூச்சைப் பிடிக்கும், கருவையும் கலைக்கும். இது தோலோடு போய்விடும்.

செவலையின் வைரஸை ஒட்டினாற்போல இன்னொரு கிளை இருந்தது. அது என்ன என்று கேட்டேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். உடம்பு முடியாமல் போனால் உதட்டோரம் எனக்குக் கொப்புளம் வரும். அந்த வார அலைச்சலில் அன்றும் வந்திருந்தது.

"அதேதாம்மா. சின்ன வயசுலயே வந்து உங்க நரம்புக்குள்ள உக்காந்திருக்கும். மாட்டுக்கு வந்தது அதுக்குப் பங்காளி. ஒருகாலத்துல மனுசங்ககிட்ட இருந்தோ குரங்குகிட்ட இருந்தோ மாட்டுக்குப் போயிருக்கலாம்னு சொல்றாங்க."

நான் உதட்டோரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கொழுந்தனின் மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பால் வண்டியும் பழையபடி வந்தது.

இன்றும் செவலையின் கழுத்தைத் தடவும்போது, நான் மாடு வளர்க்கிறேன் என்று இருந்தேனே, எனக்கே தெரியாமல் எனக்குள் எதையெல்லாம் வளர்த்து வருகிறேனோ என்ற வியப்பு என்னை விடுவதில்லை.