கேனப்பி ஒட்டுவதற்கு முன்

1. முதல் நாள்

மாடல் விமானம், கப்பல் செய்யும் பட்டறையில் சேர்ந்த முதல் நாள், பால் மாதிரி வெளுத்துப் போன ஒரு சின்னக் கண்ணாடி மூடியை பட்டறையை நடத்தும் ரஃபீக் பாய் என் உள்ளங்கையில் வைத்தார். விமானி உட்காரும் இடத்துக்கு மேலே வரும் மூடி அது. கேனப்பி என்போம்.

"இது யாரு கெடுத்தது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"நான்தான். அவசரத்துல சூப்பர் க்ளூ போட்டேன். அதோட ஆவி பட்டா கண்ணாடி புகைஞ்சிடும்மா. கேனப்பிக்கு வெள்ளப் பசதான். மரத்துக்குப் போடுவாங்களே, அது."

"அது புடிக்குமா பாய்?"

"புடிக்கும். தண்ணி தொட்டு வெச்சா வுட்டுடும். அதான் அதுல நல்லது."

வேலூரில் அந்தப் பட்டறையில் ஆறு வருடம் இருந்தேன். கல்யாணமாகி ஜமுனாமரத்தூர் வந்த பிறகு வீட்டிலிருந்தே விமானங்களை மட்டும் செய்து அனுப்புகிறேன். பட்டறைக்குப் புதிதாக மூன்று பேர் வந்திருக்கிறார்களாம். அவர்களுக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பற்றி எழுதிக் கொடு என்று பாய் கேட்டார். பெயிண்டைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். இரண்டு தடவை கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். அவர் கேட்டது இதுவல்ல என்று தெரியும்.

2. ஆர்டர்

போன வருடம், மகளுக்கு ஒரு வயது ஆன சமயத்தில், பாய் ஒரு பெட்டியை பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். ஒற்றை இருக்கை போர் விமானத்தின் கிட், ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் பாகங்கள். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. செய்து முடித்தால் ஓர் அடி நீளம் வரும். போனில் சொன்னார்:

"செங்கத்துல ஒரு அம்மா. அவங்க புள்ள இந்த ப்ளேன்தான் ஓட்டினான். போய்ட்டான்மா, ரெண்டு வருஷம் ஆவுது. போட்டோவுக்குப் பக்கத்துல வைக்கணுமாம். ஒன்னு சொல்லிடறேன், இந்தக் கிட் இப்போ வர்றதில்ல. இது ஒன்னுதான் கெடச்சது. கெட்டா வேற கெடையாது."

அவர் கடைசியில் சொன்னது அன்று முழுக்கக் காதிலேயே இருந்தது. ஒரு தாய்க்குக் கிடைக்கப் போவது இந்த ஒன்றுதான். அது என் கையில் கெடக்கூடாது.

அந்த அம்மா அனுப்பியிருந்த படம் ஒன்றே ஒன்று. ஓடுபாதை ஓரம் விமானம் நிற்கிறது. மூக்கில் எண் தெளிவாக இருக்கிறது. கேனப்பி மூடியிருக்கிறது, ஆனால் அதன் மேல் வெயில் பட்டு ஒரே வெள்ளை. உள்ளே ஆள் இருக்கிறானா இல்லையா என்று பெரிதாக்கிப் பார்த்தும் தெரியவில்லை.

கிட்டில் விமானி பொம்மை ஒன்று உண்டு. அவனை உட்கார வைப்பதா, இருக்கையைக் காலியாக விடுவதா என்று கேனப்பி ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். இருக்கட்டும் என்று பொம்மைக்குப் பெயிண்ட் அடித்து வைத்தேன். பச்சை உடுப்பு, வெள்ளை ஹெல்மெட். கடலைப் பருப்பு அளவுதான் தலை. முகத்துக்கு நிறம் கலந்து மூன்று முறை மாற்றினேன்.

என் மாமியார் எட்டிப் பார்த்தார். "இது யாரு, அந்தம்மா புள்ளயா?"

"இல்லங்க அத்த. கிட்டோட வர்ற பொம்ம."

"செத்தவங்கள பொம்ம பண்ணி உக்கார வெக்கிறது ஆவாதும்மா. அந்தம்மா பாத்துட்டு நெஞ்சு வெடிச்சிடப் போவுது. படிச்ச பொண்ணு, உனக்கு இது கூடவா தெரியாது?"

அந்த அம்மாவிடமே கேட்டிருக்கலாம். போன் எண் என்னிடம் இருந்தது. மூன்று நாளில் நான்கு தடவை எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன் நிறுத்திவிட்டேன். 'உங்கள் மகனை உள்ளே வைக்கட்டுமா?' இதை எந்த வார்த்தையில் கேட்பது?

காலியாகவே விட்டேன். வெள்ளைப் பசையில் கேனப்பியை ஒட்டி, விளிம்புக்குச் சாம்பல் நிறம் அடித்தேன்.

3. வெளுத்த விமானம்

பெயிண்டைப் பற்றிக் கொஞ்சமாவது சொல்லிவிடுகிறேன். பளபளப்பை அடக்கக் கடைசியில் அடிக்கும் மேட் வார்னிஷை மலையில் மூடுபனி இறங்கும் நேரத்தில் அடிக்கவே கூடாது. நான் அடித்தேன். மகள் தூங்குவது அந்த நேரத்தில்தான்; அந்த நெடி அவள் மூச்சில் போய்விடுமோ என்ற பயத்தில் கொல்லைப்புறக் கொட்டகைக்குத் தூக்கிப் போய் அடித்தேன். காற்றில் இருந்த ஈரத்தைக் குடித்து, காய்வதற்குள் விமானம் முழுதும் சாம்பல் பூசினாற்போல வெளுத்துவிட்டது. கண்ணாடியை டேப்பால் மறைத்திருந்ததால் அது மட்டும் தப்பியது.

அழுகைதான் வந்தது. பாய்க்குப் போன் செய்தேன்.

"தொடாத. தேய்க்காத. வெயில் வர்ற நாளா பாத்து, மேல இன்னொரு கோட்டு வார்னிஷ் ஈரமா அடி. தெளிஞ்சிடும்."

வெயிலுக்கு ஆறு நாள் காத்திருந்தேன். தெளிந்தது. கெட்டது தெளிந்துவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

4. செங்கம்

பார்சலில் அனுப்ப மனம் வரவில்லை. மகளை முதல் தடவையாக ஒரு பகல் முழுக்க மாமியாரிடம் விட்டுவிட்டு, டூல் பையோடும் பெட்டியை மடியில் வைத்தபடியும் இரண்டு பஸ் மாறிச் செங்கம் போனேன். வாசல் நிறைய மல்லாட்டைக் கடலை காயும் வீடு. அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மலையிலேர்ந்தா வர்ற? கொழந்தைய யாருகிட்ட வுட்ட?"

"அத்தகிட்டங்கம்மா."

"போன் பண்ணிக்க மொதல்ல. உன் மொகமே சொல்லுது."

பேசிவிட்டு வந்து விமானத்தை மேஜைமேல் வைத்தேன். அவர் தொடவில்லை. குனிந்து மூக்கில் இருந்த எண்ணை உதடு அசையப் படித்தார்.

"இதேதான்" என்றார். "இதே நம்பர்."

எனக்கு மூச்சு வந்தது. மிச்சமான பாகங்களை வாடிக்கையாளரிடமே கொடுத்துவிட வேண்டும் என்பது பட்டறை வழக்கம். அந்தப் பையையும் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். சக்கரம், ஏணி. பிறகு குழந்தைக்கு மருந்து அளக்கும் சின்ன மூடி. பெயிண்ட் உரியாமல் இருக்க அதில் பஞ்சு வைத்து, அதன்மேல் பொம்மையைப் படுக்க வைத்திருந்தேன்.

அவர் அதை விரல் நுனியில் எடுத்தார்.

"இது யாரு?"

"பைலட்டுங்கம்மா. கிட்டோட வந்தது."

"இவன ஏம்மா வெளிய வுட்டுட்ட?"

மாமியார் சொன்னார் என்று சொல்வதா, படத்தில் தெரியவில்லை என்று சொல்வதா?

"உங்களுக்குக் கஷ்டமா இருக்குமோன்னு நெனச்சேன்."

"ஆளு இல்லாத ப்ளேன வெச்சிக்கினு நான் இன்னா பண்ணட்டும்?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. "காலியாத்தான் கீது வூடு. இதுவும் காலியா?"

தண்ணீர் கேட்டேன். பஞ்சை நனைத்து கேனப்பி விளிம்பில் சுற்றி வைத்தேன். கால் மணி நேரமாவது ஊற வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தில் அவர் சொன்னார்:

"அவன பெட்டியிலதான் கொண்டாந்தாங்க. மேல கொடி போத்தி. நல்லவங்கதான், மரியாதையா நின்னாங்க. ஒரு தபா தொறந்து காட்டுங்கன்னு கேட்டேன். வேணாம்மான்னுட்டாங்க. மூடினது மூடினதுதான்."

நான் பஞ்சில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டேன்.

கேனப்பி விட்டது. விளிம்பில் பெயிண்ட் கொஞ்சம் உரிந்தது, கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. விமானியை இடுக்கியால் எடுத்து இருக்கையில் இறக்கினேன். சரியாகப் பொருந்தினான். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நேரா பாக்கறான். இப்படி, இந்தப் பக்கம் பாக்க வெக்க முடியுமா? நான் உக்கார்ற நாற்காலி அங்க கீது. லீவு முடிஞ்சு போவும்போது பஸ்ல ஏறிக்கினு ஒரு தபா திரும்பிப் பாப்பான்."

முடியும். பட்டறையில் தினமும் செய்கிற வேலைதான். 'தலையை வெட்டித் திருப்பி ஒட்டு' என்று சாதாரணமாகச் சொல்லுவோம். அந்த வீட்டில் அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை.

"முடியுங்கம்மா. ஆனா கழுத்துல கொஞ்சம்... நீங்க உள்ள போயிட்டு வாங்களேன். அஞ்சு நிமிஷம்."

அவர் என் கையில் இருந்த பிளேடைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"அறுக்கணுமா?"

"ஆமாங்கம்மா."

"நீ செய்யி. நான் போவ மாட்டேன்." இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அன்னைக்குத்தான் பாக்க வுடல."

விமானியை மறுபடி எடுத்து டூல் பையில் இருந்த சின்ன மரக்கட்டையில் படுக்க வைத்தேன். என் மகள் நினைவு வந்தது, அதைத் தள்ளினேன். ஒரே அழுத்தில் வெட்ட வேண்டும், அறுக்கக் கூடாது, அறுத்தால் ஓரம் பிசிறும். ஒரே அழுத்தில் வெட்டினேன். அவர் கண் சிமிட்டவில்லை. தலையை இடது பக்கம் திருப்பி, ஊசி முனையில் சூப்பர் க்ளூ தொட்டு ஒட்டி, அது இறுகுவதற்குள் மறுபடி இருக்கையில் இறக்கினேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றார். திருப்பினேன். "இன்னும் துளி." திருப்பினேன்.

"ஆங். வந்துட்டான்."

கேனப்பி புகைந்துவிடக் கூடாது என்று அரை மணி நேரம் திறந்தே வைத்திருந்து, பிறகு வெள்ளைப் பசை போட்டு மூடினேன். விளிம்பில் உரிந்த இடத்துக்கு நிறம் தொட்டேன். அலமாரியில், படத்துக்குப் பக்கத்தில், அவரே தூக்கி வைத்தார். தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்:

"இத மறுபடி தொறக்க முடியுமா?"

"முடியுங்கம்மா. தண்ணி தொட்டு வெச்சா வுட்டுடும்."

"தொறக்க மாட்டேன்" என்றார். "முடியும்னு தெரிஞ்சா போதும்."

5. புதிதாக வந்திருப்பவர்களுக்கு

கேனப்பிக்கு வெள்ளைப் பசை மட்டும். மூடுபனியில் வார்னிஷ் அடிக்காதீர்கள். கழுத்தை ஒரே அழுத்தில் வெட்டுங்கள். இதையெல்லாம் பாய் என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்.

நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அந்த அம்மாவின் மனம் நோகக் கூடாது என்றுதான் கேட்கவில்லை என்று நினைத்திருந்தேன். திரும்பி வந்த பஸ்ஸில் யோசித்தபோது அது அப்படி இல்லை. அவர் அழுதால் நான் என்ன செய்வேன் என்ற பயம்தான். என் பயத்துக்காக அவர் மகனை வெளியே நிறுத்தி வைத்தேன்.

இப்போது ஒவ்வொரு கேனப்பியையும் ஒட்டுவதற்கு முன் போன் செய்து கேட்கிறேன்: உள்ளே ஆள் உட்கார வேண்டுமா, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? எண்ணை அழுத்தும்போது இன்றும் கை தயங்குகிறது. மறுமுனையில் எடுக்கும் வரை வைக்காமல் இருக்கிறேன்.