காலை ஆட்டத்தின் நாலாவது ஆள்

நகராட்சிக்குச் சொந்தமாக ஒரு கோல்ஃப் மைதானம் இருப்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் பணக்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிட்டார்கள். டிக்கெட் வாங்கினால் யாரும் ஆடலாம் என்று வாசலில் ஆளுயரப் பலகை வைத்து என்ன பயன்? யானை விலை, குதிரை விலை சொல்வார்கள் என்று எண்ணிப் படிக்காமலே போய்விடுவார்கள். அங்கே மேனேஜராக இருந்தவர், மனைவி காலமான பிறகு, ஆபீசுக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறைக்கே குடிவந்துவிட்டார். ஒரே மகள் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சாப்டீங்களாப்பா?" என்பாள். "ஆச்சும்மா" என்பார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வராது.

டிக்கெட் ஜன்னல் திறப்பது எட்டு மணிக்கு. ஆனால் ஆறு மணிக்கே பின்கேட்டில் மூன்று பேர் நிற்பார்கள். ரிட்டயரான பஸ் கண்டக்டர், ரிட்டயரான நர்ஸம்மா, ஒரு டெய்லர். மேனேஜர் பூட்டைத் திறந்துவிடுவார். செட்டுக்கு நாலு பேர் என்பது ஆட்ட வழக்கம். நாலாவது ஆள் அவர். மூவரின் ஆட்டமும் சுமார்தான். டெய்லர் அடித்தால் புல் பறக்கும், பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். "துணிய விட்டுட்டுத் தரைய வெட்டுறீங்களே!" என்பார் நர்ஸம்மா. மேனேஜர் வாய்விட்டுச் சிரிப்பது அந்த இரண்டு மணி நேரம்தான். நாலு வருஷத்தில் ஒருநாளும் அவர்களிடம் டிக்கெட் கேட்டதில்லை. கேட்டால் வராமல் போய்விடுவார்களோ என்ற பயம், வேறொன்றுமில்லை.

இந்த வருஷம் மைதானத்துக்குப் பணம் ஒதுக்கும் கூட்டத்தில் கமிஷனரம்மா டிக்கெட் ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

"காலைல ஒரு ஈ காக்கா வர்றதில்லையே. பாதி மைதானத்துக்கு எதுக்குத் தண்ணி? பின்பக்க ஒன்பது குழியையும் மூடிட்டு லாரி நிறுத்திக்கலாம்."

மேனேஜருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. ஆள் வருகிறது என்றால், டிக்கெட் எங்கே என்பார்கள். காலையில் ஆள் சேர்த்துக் காட்டக் கெஞ்சிக் கூத்தாடி மூன்று மாதம் அவகாசம் வாங்கினார். ஆறு மணிக்கே ஜன்னலைத் திறக்க வேண்டும், அதற்குத் தனி ஆள் கிடையாது என்றார்கள்.

மறுநாள் ஏழாவது குழியருகே மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார்.

கண்டக்டர் மட்டையைக் கீழே வைத்தார். "முப்பது வருஷம் டிக்கெட் டிக்கெட்னு கத்தினவன் நான். ஓசில ஏறினவன நடுரோட்ல இறக்கிவிட்டவன். எட்டு மணிக்கு முன்னாடி டிக்கெட்டே கெடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கேட்டா வர மாட்டீங்களோன்னு..."

"எங்கள அவ்வளவுதான் எடை போட்டீங்களாண்ணே?" என்றார் நர்ஸம்மா. மேனேஜருக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

அடுத்த நாளிலிருந்து மூவரும் முன்வாசலில் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள். கோபமெல்லாம் இரண்டு நாளில் போய்விட்டது. அக்கம்பக்கத்தில் சொல்லி ஆள்கூடச் சேர்த்தார்கள். இரண்டு மாதத்தில் காலை ஆட்டத்துக்கு முப்பது பேருக்குக் குறையவில்லை. லாரிப் பேச்சு அடங்கிப்போனது. ஆனால் ஜன்னலில் டிக்கெட் கொடுக்க உட்கார்ந்த மேனேஜரால் ஆட எழுந்து போக முடியவில்லை. "நாலாவது இடம் உங்களுக்குத்தாண்ணே, அப்படியே வச்சிருக்கோம்" என்று கண்டக்டர் தினமும் சொல்லிவிட்டுப் போவார். அதைக் கேட்பதற்காகவே மேனேஜர் ஜன்னலைச் சீக்கிரம் திறந்தார்.

ஒருநாள் தனியாக ஒருவர் வந்து நின்றார். வேலை மாற்றலாகி வந்தவர், ஊரில் ஒருவரையும் தெரியாதாம். தனியாக வருகிறவரை ஆள் குறைகிற செட்டில் சேர்ப்பது மைதானத்து விதி. அன்று ஒரே ஒரு செட்டில்தான் ஆள் குறைந்தது. பேச்சுத் துணையில்லாத மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று மேனேஜருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"கண்டக்டரே, சார உங்க செட்ல சேத்துக்குங்க."

கண்டக்டர் தயங்கினார். "அப்ப நீங்க?"

"நான் எங்க வரப்போறேன்? போங்க, வெயில் ஏறிடும்."

சற்று நேரத்தில் முதல் குழிப் பக்கமிருந்து நாலு பேரும் சிரிக்கிற சத்தம் வந்தது. என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்பது ஜன்னல்வரை கேட்கவில்லை.